திடலுக்குக் கூரை வேண்டுமா?

அன்புள்ள டீச்சருக்கு வணக்கம்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கோடைக்கால இசைத் திடலான ஹாலிவுட் பௌல் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். சுவையாக இருந்தது. ஆனால் மனத்தில் ஒரு குறை. அமெரிக்கத் திடலுக்கு வரலாறு எழுதும் நீங்கள், நம் தோட்டத் திடல்களுக்கு ஏன் எழுதவில்லை?

மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில், பழைய ரப்பர் தோட்டம் ஒன்றின் எல்லையில் இருக்கும் மாரியம்மன் கோயிலில் நான் இளைஞர் பிரிவுச் செயலாளர். கோயிலுக்குக் கீழே, சரிவாக இறங்கும் ஒரு திடல் இருக்கிறது. தாத்தா காலத்திலிருந்து திருவிழாக் கலை நிகழ்ச்சி அங்கேதான் நடக்கிறது. நிலம் இன்னும் தோட்டக் கம்பெனி பெயரில்தான் இருக்கிறது, ஆனால் இதுவரை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. இப்போது ஒரு கொடையாளர், திடலைச் சமன்படுத்தி, சிமெண்டுத் தரை போட்டு, முழுவதற்கும் தகரக் கூரை அமைத்துத் தர முன்வந்திருக்கிறார். பெரியவர்களுக்கு மகிழ்ச்சி. எங்களில் சிலருக்குத் தயக்கம். ஏன் என்று கேட்டால் எங்களுக்கே சொல்லத் தெரியவில்லை. உங்கள் கருத்து என்ன?

வாசகர், சுங்கை சிப்புட்

*

தம்பிக்கு,

கூரை வேண்டாம் என்பதே என் பதில். திடலைச் சமன்படுத்தவும் வேண்டாம். ஆனால் அதைவிட அவசரமான ஒன்று உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வந்திருக்கிறது. நிலம் கம்பெனி பெயரில் இருக்கிறது என்கிறீர்கள். கொடையாளரின் பணம் ஒரு வெள்ளி செலவாவதற்கு முன் அதைத்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்கத் திடலின் கதை நமக்கு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அது தொடங்கிய விதத்தைப் பாருங்கள், நமக்கு அவ்வளவு அந்நியமில்லை. 1918-இல் ஹாலிவுட் மலைப்பகுதியில் பிரம்மஞான சபையார் திறந்தவெளியில் ஒரு நாடகம் போட்டார்கள். புத்தரின் வாழ்க்கை. கவிமணி நமக்கு 'ஆசிய ஜோதி'யாகத் தமிழில் தந்தாரே, அதே எட்வின் அர்னால்டின் காவியம்தான் மூலம். அதை நடத்திய கிறிஸ்டின் வெதரில் ஸ்டீவன்சன் என்ற அம்மையாருக்கு, சமய நாடகங்களுக்கென்று நிரந்தரமாக ஒரு திறந்தவெளி வேண்டும் என்ற ஆசை. 1919-இல் ஒரு குழு சேர்ந்து, மூன்று பக்கமும் குன்று சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கை வாங்கியது. சமய நாடகமா, இசையா என்று குழுவுக்குள் பிணக்கு வந்தது. அந்த அம்மையார் விலகிப் போய்ச் சாலைக்கு அந்தப் பக்கம் தனி அரங்கம் கட்டிக்கொண்டார். கோயில் நிர்வாகக் கூட்டங்களில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிய கதையாக இருக்காது.

1922 ஜூலையில் முதல் கோடை இசைப் பருவம். மர பெஞ்சு, 25 காசு டிக்கெட். இரண்டே ஆண்டுகளில், 1924-இல், அந்த நிலம் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட நிர்வாகத்தின் பெயருக்கு எழுதி வைக்கப்பட்டது. அதாவது மக்கள் சொத்தாயிற்று. அதன் பிறகு அங்கே எத்தனையோ தடுமாற்றம். 1951-இல் பணம் இல்லாமல் பருவத்தின் தொடக்கத்திலேயே கச்சேரிகள் நின்றுபோயின. டோரதி சாண்ட்லர் என்ற பெண்மணி முன்னின்று நிதி திரட்டி மீண்டும் திறக்க வைத்தார். பணம் போயிற்று, ஆனால் நிலம் போகவில்லை. அதனால்தான் திரும்பி வர முடிந்தது. 1967-இல் ரவிசங்கர் அங்கே சிதார் வாசித்தார். 2006-இல் ஏ.ஆர். ரஹ்மானின் இசை அதே மேடையில் ஒலித்தது. இத்தனைக்கும் அடியில் கிடப்பது 1924-இல் போட்ட அந்த ஒரு கையெழுத்து.

இனி நம் திடல்களுக்கு வருகிறேன்.

தோட்டத் திடலை நமக்கு யாரும் கலைக்காகக் கொடுக்கவில்லை. பந்தாடக் கொடுத்தார்கள், அல்லது கோயிலுக்குக் கீழே மரம் நட வாகில்லாத துண்டு நிலமாகக் கிடந்தது. அதில் நம் மக்கள் காமன் கூத்து ஆடினார்கள், பொன்னர் சங்கர் கதை நடத்தினார்கள், தீமிதித்தார்கள், வெள்ளைத் துணி கட்டிப் படம் பார்த்தார்கள். 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து நாடெங்கும் அவசரகாலம் வந்தது. ஊரடங்கும் முள்வேலியுமாக இருந்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில், திடலில் இரவு கூடுவதே அனுமதிக்கு உட்பட்ட காரியம். தகவல் இலாகாவின் படக்காட்சி வண்டி வந்தால் கூட்டம் கூடலாம். அரசாங்கச் செய்திப் படம்தான் முதலில் ஓடும். மக்கள் அதையும் பொறுமையாகப் பார்த்தார்கள். 1952 முதல் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணியின் முயற்சியில் தமிழர் திருநாள் பரவியபோது, ஊர்த்திடல்களுக்கு இன்னொரு பயன் வந்தது. பேச்சுப் போட்டி, நாடகம், கவிதை வாசிப்பு. திருவிழா மேடையில் அம்மன் பாட்டுப் பாடிய அதே பிள்ளைகள் இங்கே குறளும் பாரதிதாசனும் சொன்னார்கள்.

அந்த மேடை எப்படி எழும்பியது என்பதை உங்கள் தலைமுறை பார்த்திருக்காது என்பதால் சொல்கிறேன். எங்கள் அப்பா பால்மரம் வெட்டுபவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்பவர். திருவிழா வந்தால் மேடை கட்டும் பொறுப்பு அவருடையது. பால் கொட்டகையிலிருந்து காலிப் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு வருவார்கள். அவற்றை வரிசையாக நிமிர்த்தி, மேலே பலகை அடுக்கி, பலகை நகராமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூபை அறுத்துக் கட்டுவார்கள். ஆணி அடிக்கக் கூடாது, ஏனென்றால் பலகை கம்பெனியுடையது. ஆடுகிறவர் ஓங்கி மிதித்தால் பீப்பாய் 'தொம்' என்று அதிரும். உறுமிக்காரர் அந்த அதிர்வையும் சேர்த்தே தாளம் பிடிப்பார். முன்வரிசையில் கிராணிமார் என்ற தோட்டக் குமாஸ்தாக்களின் குடும்பத்துக்கு நாற்காலி, பின்னால் நமக்குத் தரையில் பாய். நடுச்சாமத்துக்கு மேல் மங்களம் பாடி முடித்தால், உடனே மேடையைப் பிரிக்க வேண்டும். விடியற்காலைப் பிரட்டுக்கு, அதாவது வேலையாட்களின் பெயர் கூப்பிடும் நேரத்துக்கு முன்னால் பீப்பாய்கள் கொட்டகைக்குத் திரும்பியிருக்க வேண்டும். ராஜா வேடம் போட்டவர் அரிதாரம் கலையாமலே பீப்பாய் உருட்டியதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு மணி நேரம் கழித்து அவர் கையில் வெட்டுக் கத்தியும் பால் சுமக்கும் காண்டா வாளியும் இருந்தன.

மேடை இரவல், பலகை இரவல், திடலும் இரவல். எங்கள் பெரியவர்கள் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றில், உறவினரும் நண்பர்களும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோகும் உரிமையும் ஒன்று. அத்தை வீட்டுக்கு வருவதற்கே துரையின் தயவு தேவைப்பட்ட இடத்தில், வெளியூர்க் கூத்துக் கலைஞர்கள் எப்படி வந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் பலர் துண்டு துண்டாக்கி விற்றார்கள். உங்கள் ஊரில் பிறந்த ம.இ.கா. கட்சித் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்தத் துண்டாடலை எதிர்த்துத்தான். தொழிலாளியின் சேமிப்பைக் கொண்டே தோட்டத்தை வாங்குவோம் என்றார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அப்படித்தான் முதலில் வந்தது. நம் சமூகம் நிலப்பட்டாவின் அருமையை உணர்ந்து செயல்பட்ட பெரிய தருணம் அது. ஆனால் கூட்டுறவுக்கு வராத தோட்டங்களே அதிகம். ரப்பர் போய்ச் செம்பனை என்ற எண்ணெய்ப்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. தொழிலாளர் குடியிருந்த லயன் வீடுகள் காலியாகின. கோயிலையாவது போராடிச் சில இடங்களில் காப்பாற்றினார்கள். திடலுக்காகப் போராட ஆள் இல்லை. திடலில் சாமி இல்லையே.

அதனால்தான் சொல்கிறேன், தம்பி: 'யாரும் ஒன்றும் சொன்னதில்லை' என்பதை நம்பி இருக்காதீர்கள். பல தலைமுறையாக அனுபவித்தால் உரிமை வந்துவிடும் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். வராது. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, எவ்வளவு காலம் பயன்படுத்தினாலும் பட்டாக்காரரின் உரிமை அழியாது. கம்பெனி நாளைக்கே கைமாறினால், நீங்கள் கட்டிய கூரை புதிய உரிமையாளருக்கு இடைஞ்சலாகத் தெரியும், அவ்வளவுதான். அவர் நில எண்ணைக் காட்டுவார், நீங்கள் தாத்தாவின் பெயரைச் சொல்வீர்கள்.

முதல் வேலை, மாவட்ட நில அலுவலகத்தில் தேடல் எடுப்பது. நில எண்ணைக் கொடுத்துச் சிறு கட்டணம் கட்டினால், யார் பெயரில் இருக்கிறது, அடமானம் உண்டா, என்ன வகை நிலம் என்பதெல்லாம் தாளில் வந்துவிடும். பிறகு கம்பெனியோடு பேசுங்கள். திடலும் கோயிலும் சேர்ந்த பகுதியைப் பிரித்து, பதிவு பெற்ற உங்கள் கோயில் சங்கத்தின் அறங்காவலர் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். அல்லது அந்தப் பகுதியை மாநில அரசிடம் ஒப்படைக்கச் சொல்லி, அரசு அதைப் பொதுப் பயன்பாட்டு நிலமாக அரசிதழில் அறிவிக்கக் கோரலாம். அதே சட்டத்தின் 62-ஆம் பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. எனக்கு இரண்டாவது வழியே பிடிக்கும். சங்கத்தின் பெயரில் இருந்தால் நிர்வாகச் சண்டையில் திடல் முடங்கும் அபாயம் உண்டு. நம் சங்கங்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கம்பெனி அசையாவிட்டாலும் வழி இருக்கிறது. தோட்ட நிலம் வீடமைப்புக்கு மாறும்போது, மொத்தப் பரப்பில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும் என்பது நகர, கிராமத் திட்டமிடல் துறையின் வழிகாட்டி. அந்தப் பத்து விழுக்காடு வழக்கமாக எங்கே போய் முடிகிறது? கால்வாய் ஓரம், மின்கம்பிக்குக் கீழே. அது உங்கள் திடலில் வந்து விழ வேண்டுமானால், திடல் அங்கே இருப்பது வரைபடத்தில் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நகராண்மைக் கழகம் உள்ளூர்த் திட்ட வரைவைப் பார்வைக்கு வைக்கும்போது யார் வேண்டுமானாலும் எழுத்து மூலம் கருத்துச் சொல்லலாம். நம்மவர்கள் போவதே இல்லை. இளைஞர் பிரிவு போகட்டும்.

கூரைக்கு வருகிறேன். உங்களுக்குச் சொல்லத் தெரியாத தயக்கம் சரியானது என்று நினைக்கிறேன். அதற்குக் காரணம் உங்கள் காதில் இருக்கிறது.

ஹாலிவுட் பௌலின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதியும் மிக வருத்தமான பகுதியும் ஒன்றே. அந்தப் பள்ளத்தாக்கில் இயற்கையாகவே ஒலி தெளிவாகக் கேட்டது. 1926-இல் நிறைய இருக்கைகள் போடுவதற்காக நிலத்தை வெட்டிச் சீர்செய்தார்கள். இருக்கை கூடியது, ஒலி கெட்டது. போன ஒலியைத் திரும்பப் பிடிக்க அடுத்த முக்கால் நூற்றாண்டு பாடுபட்டார்கள். 1927-இல் லாயிட் ரைட் என்ற கட்டடக் கலைஞர், ஒரு நாடகத்துக்குப் பயன்பட்டு மிஞ்சிய மரத்தைக் கொண்டு பிரமிடு வடிவில் மேடைக்கு ஓர் ஒலிக்கூடு, அதாவது ஒலியை மக்கள் பக்கம் திருப்பும் கூடு, கட்டினார். ஒலி அருமையாக வந்தது. பார்க்க நன்றாக இல்லை என்று சொல்லி அந்தப் பருவம் முடிந்ததும் இடித்துவிட்டார்கள். மறு ஆண்டு அவரே வளைவுகளாக இன்னொன்று செய்தார். கழற்றி உள்ளே வைக்கும்படி வடிவமைத்ததை மழையில் விட்டுப் பாழாக்கினார்கள். 1929-இல் எழுந்த வெள்ளை ஒலிக்கூடு 2003 வரை நின்றது. அதன் ஒலிக் குறையைச் சரிசெய்ய ஒரு காலத்தில் பெரிய அட்டைக் குழாய்களை நிறுத்தினார்கள், பிறகு கண்ணாடியிழை உருண்டைகளைத் தொங்கவிட்டார்கள்.

ஏன் இவ்வளவு பாடு? வயலினும் செல்லோவும் நான்கு சுவருக்குள் வளர்ந்த வாத்தியங்கள். அவற்றை வெளியே கொண்டு வந்தால் ஒலி கரைந்துபோகும். தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி ஆறு டெசிபல் குறைகிறது, திருப்பி அனுப்பச் சுவரும் இல்லை. அறையின் இசையை வெளியில் வாழ வைக்க அவர்கள் போராடினார்கள்.

நீங்கள் செய்யப்போவது தலைகீழ். நாதஸ்வரமும் தவிலும் உறுமியும் பறையும் தெருவுக்கும் திடலுக்கும் பிறந்தவை. வீதி வலத்தில் அடுத்த தெருவுக்குக் கேட்க வேண்டும் என்றே அவற்றை நம் முன்னோர் செய்தார்கள். அவற்றைத் தகரக் கூரைக்கும் சிமெண்டுத் தரைக்கும் நடுவில் அடைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு அடி அடங்குவதற்குள் அடுத்த அடி அதன் மேல் விழுகிறது. தவில்காரரின் விரல் சொல்லும் எந்தச் சொல்லும் காதுக்கு எட்டுவதில்லை, இரைச்சல் மட்டும் எட்டுகிறது. உடனே ஒலிபெருக்கியைக் கூட்டுகிறோம், இன்னும் கெடுகிறது. மழை வந்தால் தகரத்தின் சத்தத்தில் நிகழ்ச்சி தானாகவே நின்றுவிடுகிறது. மழைக்காகப் போட்ட கூரை மழையன்று பயன்படாத கொடுமையைப் பல ஊர்களில் பார்த்துவிட்டேன்.

உங்கள் திடல் சரிவாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது வரம். தட்டைத் தரையில் முன்னால் இருப்பவர்களின் உடலும் புல்லும் ஒலியைக் குடித்துவிடும். சரிவில் உட்கார்ந்தால் மேடைக்கும் ஒவ்வொருவர் காதுக்கும் நேர்வழி கிடைக்கிறது. சமன்படுத்துவது என்றால், பணம் கொடுத்து இந்த வரத்தைத் தொலைப்பது.

மழையைப் பற்றிப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயம்தான். நமக்குக் கோடை என்று ஒன்று தனியாக இல்லை. ஆனால் நம் பெரியவர்களுக்கு ஒரு பருவக் கணக்கு இருந்தது. பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். பால் குறையும், வேலையும் குறையும். உங்கள் பேராக் மாநிலத்தில் சித்திரையின் மாலை மழைக்கு முன்னால் கிடைக்கும் நாள்கள் அவை. மாசி, பங்குனித் திருவிழாக்களுக்கு அந்த இடைவெளி நன்றாகவே பொருந்தியது. மொட்டை மரங்களுக்கு நடுவே, காய்ந்த சருகைக் கூட்டித் தள்ளிவிட்டுப் பாய் விரித்தால், நிலா வெளிச்சமும் குரலும் தடையில்லாமல் வரும். உங்கள் திருவிழா நாளை மாற்றச் சொல்லவில்லை. கலை நிகழ்ச்சியை மட்டும் அந்தப் பருவத்துக்கு நகர்த்தலாமா, எட்டரை மணிக்கு மேல் தொடங்கலாமா என்று யோசியுங்கள். மேற்குக் கரையில் மழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் கொட்டித் தீர்த்துவிடும்.

கொடையாளரின் மனத்தைப் புண்படுத்தாதீர்கள். நம் ஊர்த் திடலுக்குப் பணம் தர ஒருவர் வருவதே பெரிய காரியம். அவரிடம் நில அளவைக்கும் பிரிப்புக்கும் ஆகும் செலவை ஏற்கச் சொல்லுங்கள். கட்ட வேண்டும் என்று அவர் விரும்பினால், மேடைக்கு மட்டும் ஒரு கூரை போதும். பின்சுவர் கெட்டியாக இருக்கட்டும். பக்கச் சுவர்கள் மக்களை நோக்கி விரியட்டும். மேற்கூரையின் முன்பக்கம் சற்று உயரட்டும், உள்பக்கம் கெட்டிப் பலகை அடிக்கட்டும். பாடகர் குரலைச் சரிவை நோக்கித் தள்ள அது போதும். பெரியவர்களுக்கும் கைக்குழந்தைகாரர்களுக்கும் மேல்விளிம்பில், கோயில் பக்கமாக, ஒரு சிறு கொட்டகை போடலாம். மற்றவர்கள் புல்லில் பாய் விரிக்கட்டும்.

இன்னொன்றும் செய்யுங்கள். அந்தத் திடலில் ஆடியவர்கள், பாடியவர்கள், மேடை கட்டியவர்கள் உங்கள் ஊரில் இன்னும் சிலர் இருப்பார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து ஆண்டு, நாடகத்தின் பெயர், வாத்தியார் பெயர் எல்லாம் எழுதி வாங்குங்கள். பழைய அழைப்பிதழ்களைத் தேடுங்கள். நம் தோட்டத் திடல்களுக்கு ஏன் வரலாறு எழுதவில்லை என்று கேட்டீர்கள் அல்லவா? அதற்கான தாள்கள் என்னிடம் இல்லை, உங்கள் ஊர்க்காரர்களின் தகரப் பெட்டிகளில் இருக்கின்றன. நகராண்மைக் கழகத்துக்கு நீங்கள் எழுதும் மனுவோடு இணைக்கவும் அவை வேண்டும். எத்தனை தலைமுறையாக மக்கள் பயன்படுத்துகிறார்கள் என்பது பட்டா தராது, ஆனால் திட்ட வரைவைப் பார்க்கும் அதிகாரியின் முன்னால் அது எடை உள்ள சான்று.

தேடல் தாள் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். நில எண்ணும் நில வகையும் தெரிந்தால் மனுவை எப்படி எழுதுவது என்று சேர்ந்து பார்க்கலாம். நிர்வாகக் கூட்டம் எந்த ஞாயிறு என்று சொன்னால் நானும் வருகிறேன். பெரியவர்களிடம் நீங்கள் தனியாகப் பேச வேண்டியதில்லை.

அன்புடன்,
டீச்சர்